புதுப்பிப்பு: ஸ்கா பட்டியல், எதில் தொடங்குவது?

முன்பு போட்ட ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) இசைக்குழுப் பட்டியலுக்கு இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன: எதை முதலில் கேட்பது? கிதாரில் வாசித்தால் ஏன் ரெகே (ஸ்காவிலிருந்து வந்த, வேகம் குறைந்த இசை) மாதிரி ஆகிவிடுகிறது?

முதலில் ஜமைக்காவின் ஸ்கடலைட்ஸ்தான், இதில் பேரம் கிடையாது. 1964-இல் கூடி மறு ஆண்டே கலைந்த குழு. டான் டிரம்மண்டின் டிராம்போனுக்காகவே கேட்கலாம். அடுத்து 1979-இன் கோவென்ட்ரி, இங்கிலாந்து நகரம்: அங்கிருந்து வந்த ஸ்பெஷல்ஸ், செலக்டர் குழுக்கள். பங்க் ராக் பிரியர்கள் நேராக அமெரிக்கக் குழுவான ஆபரேஷன் ஐவிக்குப் போகலாம், ஊதுகருவிகளை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அவை வேண்டுமென்றால் டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ‘ஒன்-அண்ட்-டூ-அண்ட்’ என்று எண்ணுங்கள். எண்ணில் கை சத்தமில்லாமல் கீழே போகும், ‘அண்ட்’டில் மேல்நோக்கி அடிக்கும். மெல்லிய மூன்று கம்பிகள் போதும். அடித்தவுடன் இடது கை விரல்களைத் தளர்த்துங்கள், ஆனால் கம்பியை விட்டு எடுக்காதீர்கள். எடுத்தால் வெறும் கம்பி இரையும். பலரும் சறுக்குவது இங்கேதான். கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) நீண்டு ஒலித்தால் துள்ளல் செத்துவிடும். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 90 தட்டில் வைத்துப் பழகி, கை இறுகாமல் வந்த பிறகு 130-க்கு ஏற்றுங்கள்.

அப்படியும் ரெகே வாடை அடித்தால், கிதாரைத் திட்டும் முன் டிரம்ஸைக் கவனியுங்கள். நான்கு வரை எண்ணினால், ஸ்காவில் அழுத்தம் 2, 4-இல் விழ வேண்டும். 3-இல் மட்டும் விழுந்தால் பாட்டு பாதி வேகத்தில் போவதுபோல் கேட்கும். பேஸ் கிதார் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கட்டும்.