‘குயர் கோடிங்’ என்பதற்குத் தமிழில் எது தகும்? ஒரு சொல்லாக்க இழை

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், கோவை

அன்புடையீர், வணக்கம்.

ஒரு சிற்றிதழின் அறிபுனைச் சிறப்பிதழுக்காக, ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க அறிபுனை நெடுந்தொடர்களில் பால்புதுமையர் எவ்வாறு காட்டப்பட்டனர் என்பது பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். பால், பாலீர்ப்பு ஆகியவற்றில் வழமைக்குள் அடங்காதவரைக் குறிக்கும் ‘குயர்’ என்பதற்குப் ‘பால்புதுமையர்’ என்ற சொல் வழக்கில் ஊன்றிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு 2022இல் சொற்பட்டியலும் வெளியிட்டது. ஆகவே அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றமெல்லாம் ‘குயர் கோடிங்’ என்பதில்தான்.

ஒரு பாத்திரத்தைப் பால்புதுமையர் என்று எவ்விடத்திலும் சொல்லாமல், பேச்சாலும் பார்வையாலும் தொடுகையாலும், அறிய வேண்டியவர் மட்டும் அறியும்படி அமைப்பதே இச்சொல்லின் பொருள். கட்டுரை தரும் முதன்மையான சான்று, ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வரும் காரக். 1993இல், தொடரின் தொடக்கத்திலேயே, தம்மை எளிய தையற்காரர் என்று சொல்லிக்கொள்ளும் அந்த முன்னாள் ஒற்றர், உணவு மேசையில் தனித்திருக்கும் இளம் மருத்துவர் பஷீரிடம் தாமாகவே வந்து அறிமுகம் செய்துகொண்டு, விடைபெறும்போது அவருடைய இரு தோள்களிலும் கைகளை வைத்துவிட்டுப் போகிறார். வசனத்தில் தவறாக எண்ணும்படி ஒரு சொல்லும் இல்லை. காரக்காக நடித்த ஆண்ட்ரூ ராபின்சன், பஷீர் மீது ஈர்ப்புக் கொண்டவராகவே அப்பாத்திரத்தைத் தாம் நடித்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார்.

இப்போதைக்குப் ‘பால்புதுமைக் குறியாக்கம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

மடல் 2: மென்பொருளாளர், சிங்கப்பூர்

நிறைவில்லாமல் போக என்ன காரணம் என்று விளங்கவில்லை. எழுத்துகளை எண்களாக்கிச் சேமிப்பதைக் குறியாக்கம் என்கிறோம். ‘யூனிகோடு’ என்பதை ஒருங்குறி என்கிறோம். ஒரு துறையில் நிலைத்த வேரை மற்றொரு துறையிலும் பயன்படுத்தினால் கற்போருக்குச் சுமை குறையும். குறியாக்கம் என்று ஒன்று இருந்தால்தான் அதை அவிழ்ப்பதற்கும் ஒரு சொல்லை அதே வேரிலிருந்து எடுக்க இயலும். நாளைக்கு உங்கள் கட்டுரையாசிரியர் ‘டீகோடிங்’ என்று எழுதினால் என்ன செய்வீர்கள்?

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அன்பின் தம்பி, ‘குறி’ என்பது அவ்வளவு எளிய வேரன்று. இலக்கு, அடையாளம், சோதிடம் ஆகிய பொருள்களை விட்டுவிடுவோம். அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் பிறர் அறியாமல் கூடுமிடத்துக்கே குறி என்றுதான் பெயர். இரவில் கூடுவது இரவுக்குறி, பகலில் கூடுவது பகற்குறி. அவ்வகையில் மறைவான காதலைப் பற்றிய சொல்லாக்கத்திற்கு இவ்வேர் பொருந்தும் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் இன்றைய பேச்சில் அச்சொல்லுக்கு உடலுறுப்பைச் சுட்டும் பொருளும் உண்டு என்பதால், ‘பால்’ என்ற சொல்லுக்கு அருகில் அதை வைத்தால் வகுப்பறையில் ஆசிரியர் அதற்கு மேல் ஒரு வரியும் நடத்த முடியாது. முப்பத்து நான்கு ஆண்டு நடத்தியவன் சொல்கிறேன்.

என் பரிந்துரை ‘உள்ளுறை’. கருப்பொருளைப் பற்றிப் பாடுவது போல் பாடி, அதனோடு ஒத்த மாந்தர் பொருளை உள்ளே வைத்து முடிப்பதைத் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்றார். சொல்லாதது விளங்க வேண்டும். விளங்கினும் சொல்லப்பட்டிருக்கக் கூடாது. இதைவிட நெருக்கமான இலக்கணம் வேறெங்கே கிடைக்கும்? கருப்பொருள் வழியே குறிப்பாகப் பொருள் தரும் ‘இறைச்சி’ என்ற உத்தியைப் பற்றிய ‘இறைச்சி தானே பொருட்புறத் ததுவே’ என்ற நூற்பாவையும் கருதலாம். ‘உரிப்புறத் ததுவே’ என்றும் அதற்குப் பாடம் உண்டு. அவ்விரண்டு பாடங்களில் எது மூலம் என்பதைத் தனியே எழுதுகிறேன். இறைச்சி என்ற சொல்லை இன்று கட்டுரைத் தலைப்பில் வைக்க முடியாது என்பதை நானும் அறிவேன்.

மடல் 4: திரைக்கல்வி ஆசிரியை, சென்னை

ஐயாவின் விளக்கத்தை மகிழ்ந்து படித்தேன். ஆனால் உள்ளுறை என்று கரும்பலகையில் எழுதினால், என் மாணவர்கள் அதைத் தலையணை உறை போன்ற ஒன்றாகவே எண்ணுவர். மேலும், ஒரு வேறுபாட்டை நாம் காக்க வேண்டும். காரக்கின் நிலை வேறு. 1992இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வந்த ‘தி அவுட்காஸ்ட்’ பகுதியின் நிலை வேறு. அதில் ஆண் பெண் என்ற வேறுபாட்டைத் துறந்த ஜனாய் என்ற இனத்தில், தன்னைப் பெண்ணாக உணரும் சோரன் என்பவர், விண்கல அதிகாரியான ரைக்கர் என்ற ஆணைக் காதலிக்கிறார். அவருடைய சமூகம் அவருக்குச் சிகிச்சை அளித்து அவ்வுணர்வையே அகற்றிவிடுகிறது. தன்பால் ஈர்ப்பாளருக்கு இப்புவியில் நடந்ததை வேற்றுக்கோளின் மேல் ஏற்றிச் சொன்ன கதை அது. மறைப்பு எதுவும் இல்லை, பொருளை இடம் மாற்றியதுதான் உண்டு. ஜனாய் பாத்திரங்களுக்குப் பெண்களையே நடிக்க வைத்ததால் கதையின் கூர்மை மழுங்கியது என்பதும், சோரனாக ஓர் ஆண் நடித்திருக்க வேண்டும் என்று ரைக்கராக நடித்த ஜொனாதன் பிரேக்ஸே பின்னர்ச் சொன்னார் என்பதும் தனிக்கதை.

1995இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த ‘ரீஜாயிண்ட்’ பகுதியும் அப்படியே. ஜாட்சியா டாக்ஸும் லெனாரா கானும் முத்தமிடுவது வெளிப்படையாகவே காட்டப்படுகிறது. இருவரும் பெண்கள் என்பதைக் கதையில் எவரும் பொருட்படுத்துவதில்லை. முந்தைய உடல்களில் இணையராய் இருந்தவர்கள் மீண்டும் இணையக் கூடாது என்ற, உடல் மாறி வாழும் டிரில் இனத்தின் விலக்குத்தான் அங்கே சிக்கல். இவற்றை, ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் ‘பிறிது மொழிதல்’ என்று ஐயாவின் அணியிலக்கணத்தாலேயே சொல்லிவிடலாம். காரக்கை அப்படிச் சொல்ல முடியாது.

காரக்கிற்கு நான் பரிந்துரைப்பது ‘பூடகச் சித்திரிப்பு’. ‘பூடகமாகச் சொன்னார்’ என்று நாளேடுகள் எழுதுகின்றன. யாருக்கும் உரை தேவையில்லை. இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்கத் திரைப்படத் துறை 1934 முதல் 1968 வரை கடைப்பிடித்த தயாரிப்பு நெறிமுறைக்கும் ஆங்கிலத்தில் ‘கோட்’ என்றே பெயர் என்பதால், இந்தக் ‘கோடிங்’ அதிலிருந்து பிறந்தது என்று மாணவர்கள் குழப்பிக்கொள்கின்றனர். தமிழில் அக்குழப்பத்திற்கே இடமில்லை.

மடல் 5: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

அம்மையீர், பூடகம் தமிழ்ச்சொல் என்று யார் சொன்னது? வடமொழிக் ‘கூட’ என்பதோடு அதற்கு உறவு இருக்குமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ககரம் பகரமாகத் திரிந்ததற்கு வேறு சான்று கிட்டாததால் உறுதியாகச் சொல்லவில்லை. சித்திரிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு சொல்லும் கடன் என்றால் பிறகு நாம் ஆக்கியது என்ன?

உள்ளுறை கடினமென்றால் நன்னூலுக்கு வாருங்கள். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் அறிவர். ஒரு குழுவினர் பிறர் அறியாதவாறு தமக்குள் வழங்கும் குறி என்றால், அம்மையார் விளக்கியதும் அதுவேயல்லவா? ‘குறி’ பற்றி நான் எழுப்பிய தடையும், ‘குழூஉ’ முன்னே நிற்பதால் நீங்கிவிடுகிறது.

மடல் 6: உறுப்பினர், சென்னை

இவ்வளவு மடல்களுக்குப் பிறகு, இச்சொல் யாரைக் குறிக்கிறதோ அவர்களில் ஒருத்தியாக நான் எழுதுகிறேன். நீங்கள் முன்வைக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொருவர் பக்கத்தில் நின்று பார்க்கிறது. இடக்கரடக்கல் என்றால், அவையில் சொல்லத் தகாத ஒன்றை நாகரிகமாக மறைத்தது என்று பொருள்படும். அது தணிக்கையாளரின் பார்வை, அதில் நாங்கள் இழிபொருளாகிறோம். உள்ளுறை புலவரின் பார்வை. அதில் மறைப்பு என்பது அழகுக்காகச் செய்யப்பட்டதாகிவிடுகிறது. குழூஉக்குறி எங்கள் பார்வைக்கு நெருங்கி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பொற்கொல்லர் கதையில் சொல்பவரும் கேட்பவரும் ஒரே குழுவினர். இங்கே சொன்னவர் பெரும்பாலும் வெளியாள், கேட்டுக்கொண்டவர்கள்தாம் நாங்கள்.

மறைப்பு விருப்பத்தால் வந்ததன்று என்பதற்கு ஒரு சான்று. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987இல் தொடங்கியபோதே எழுத்தாளர் டேவிட் ஜெரால்ட் ‘பிளட் அண்ட் பயர்’ என்ற கதையை எழுதினார்; எய்ட்ஸ் நோயை நினைவூட்டும் தொற்றும், இணையராக வாழும் இரண்டு ஆண்களும் அதில் இருந்தனர். அது படமாக்கப்படவே இல்லை. ஜெரால்டும் தொடரை விட்டு விலகினார். வெளிப்படை மறுக்கப்பட்ட வீட்டின் கொல்லைப்புறத்தில் வளர்ந்ததுதான் நீங்கள் பெயர் வைக்கும் இந்தக் குறிப்பு. அதைப் பூடகம் என்றால் எனக்கு ஒப்பவில்லை. என் வீட்டில் ‘பூடகமான ஆள்’ என்பது நம்பத்தகாதவரைச் சொல்லும் சொல்.

மடல் 7: வசனவரி எழுதுபவர், யாழ்ப்பாணம்

‘சாடை’ என்று யாரும் சொல்லும் முன் தடுத்துவிடுகிறேன். தமிழகத்தில் சாடையாகச் சொல்வது மறைமுகமாகச் சொல்வது. எங்கள் பக்கம் சாடையாகக் காய்ச்சல் என்றால் இலேசான காய்ச்சல். ‘சாடையான பால்புதுமையர்’ என்று இங்கே அச்சிட்டால், கொஞ்சம்போலப் பால்புதுமையர் என்றுதான் படிப்பார்கள்.

இச்சொல்லை விடச் சிக்கலான ஒன்று அக்கட்டுரையில் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் ‘டிஸ்கவரி’ தொடரில் 2020இல் அடிரா என்ற பதினாறு வயதினர், தம்மை ‘ஷி’ என்று சொல்ல வேண்டாம், ‘தே’ என்று சொல்லுங்கள் என விண்கல அறிவியலாளர் ஸ்டாமெட்ஸிடம் கேட்கிறார். தமிழில் ‘அவள்’ என்பதை ‘அவர்’ என்று மாற்றினால், பிள்ளைக்குத் திடீரென்று மரியாதை கூடியதாகத் தோன்றுமே தவிர, பால் மாறியதாகத் தோன்றாது. இது பழைய வழக்கு. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியரே கிளவியாக்கத்தில் ஒதுக்கி வைத்தார். ‘தே’யை ஒருமைக்கு ஆளலாமா என்று ஆங்கிலேயர் இன்று சண்டையிடுவதும் அதே இடத்தில்தான். ஆனால் ‘ஒருவர்’ என்ற சொல் இருபாலுக்கும் உரியது, பன்மை முடிபு கொள்ளும் என்று பெயரியலில் அவரே இடமும் தந்திருக்கிறார். நான் அக்காட்சியை எழுதினால், “என்னை அவள் என்றும் வேண்டாம், அவன் என்றும் வேண்டாம், அவர் என்றே சொல்லுங்கள்” என்று ஒரு சொல் கூட்டித்தான் எழுதுவேன்.

மடல் 8: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

யாழ்ப்பாணத்து அன்பருக்கு நன்றி. அவர் ‘ஒருவர்’ என்ற நூற்பாவை எடுத்ததும் பெயரியலின் தொடக்கம் நினைவுக்கு வந்தது: ‘தெரிபுவேறு நிலையலும் குறிப்பிற் றோன்றலும் இருபாற் றென்ப பொருண்மை நிலையே’. பொருள் தோன்றுவது இரண்டு வழியில்தான். ஒன்று வெளிப்படை, மற்றொன்று குறிப்பு. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு என்பதையும் எண்ணிப் பாருங்கள். 71ஆம் அதிகாரத்தில் அமைச்சர் வேந்தனின் உள்ளத்தை அறிகிறார். 110ஆம் அதிகாரத்தில் காதலர் ஒருவரையொருவர் அறிகின்றனர். அதிகாரத்துக்கு அஞ்சி அறிவதும் அன்பால் அறிவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. சென்னைச் சகோதரி சுட்டிய பார்வைச் சிக்கலுக்கு இது ஒருவாறு விடை தரும். ‘குறிப்புச் சித்திரிப்பு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரிப்பை இம்முறை பொறுத்துக்கொள்கிறேன்.

மடல் 9: மொழிபெயர்ப்பாளர், கோவை

இன்று வியாழன் இரவு. தனிமடலிலும் பொதுவிலும் வந்தவற்றைக் கூட்டிப் பார்த்ததில் ‘குறிப்புச் சித்திரிப்பு’க்கு ஏழு பேர், ‘பூடகச் சித்திரிப்பு’க்கு ஐந்து பேர், குறியாக்கத்துக்குச் சிங்கப்பூர் நண்பர் ஒருவர். ஏழு பேரில் மூவர் ‘எதுவானாலும் சரி’ என்று எழுதியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘குறிப்புச் சித்திரிப்பு’ என்று எழுதி, ‘அதாவது பூடகமாகக் காட்டுவது’ என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டேன். ‘தி அவுட்காஸ்ட்’ பகுதிக்குப் பிறிது மொழிதல். அடிராவின் வசனத்தை யாழ்ப்பாணத்து அன்பர் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு இவ்விரண்டு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. 2017இல் ‘டிஸ்கவரி’யில் ஆண் இணையரான ஸ்டாமெட்ஸும் மருத்துவர் கல்பரும் இரவு உடையில் அருகருகே நின்று பல் துலக்கியபடி பேசிக்கொள்ளும் காட்சியை ஆசிரியர் ஒரு பத்தி முழுதும் வருணிக்கிறார். கலைச்சொல்லே இல்லாமல் மொழிபெயர்க்க முடிந்த ஒரே பத்தி அது.

மடல் 10: உறுப்பினர், சென்னை

வாக்கெடுப்பை ஏற்கிறேன், என் மாற்றுக்கருத்தையும் பதிவு செய்கிறேன். குறிப்பு என்பது நோட்டுப் புத்தகத்தில் எடுப்பதும் ஆகும் என்பதால் அச்சொல்லில் சுருக்கென்ற உணர்வு இல்லை. 2024இல் ‘லோயர் டெக்ஸ்’ என்ற அசைவூட்டத் தொடரின் இறுதிப் பருவத்தில், வேறோர் உலகத்துக் காரக்கும் பஷீரின் ஒளியுருவும் மணமான இணையராக வந்தனர். பழைய நடிகர்கள் இருவருமே குரல் கொடுத்தனர். 31 ஆண்டுகள் குறிப்பாகவே நின்ற ஒன்று இவ்வாறு வெளிப்படையாவதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இருப்பதாகத் தெரியவில்லை. ஐயா அதற்கும் ஒரு நூற்பா வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

மடல் 11: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

இருக்கிறது. களவு எனும் மறைவான காதல் வெளிப்பட்டு ஊரார் பேச்சாகும் நிலையை அம்பல், அலர் என்பர். முதலாவது முகிழ்த்த நிலை, இரண்டாவது மலர்ந்த நிலை. ஆனால் அலர் பழிச்சொல் என்பதால் சகோதரி ஏற்கமாட்டார். இறைச்சி நூற்பாவின் பாடவேறுபாடு பற்றிய மடலை நாளை அனுப்புகிறேன்.