புதுப்பிப்பு: 401கே பணத்தை ஐஆர்ஏவுக்கு மாற்றியதை வரிக் கணக்கில் காட்டுவது
போன மாதம் கேட்டிருந்தேனே, வேலை மாறியபோது பழைய 401கே-யில் (அமெரிக்காவில் வேலை தருபவர் வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலக் கணக்கு) இருந்த 38,400 டாலரை நேரடியாக ஐஆர்ஏவுக்கு (நாமே தொடங்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) மாற்றினேன், பழைய கணக்கிலிருந்து வெளியேறிய பணத்தைக் காட்டும் 1099-ஆர் படிவத்தை வரி மென்பொருளில் ஏற்றியதும் வரி 12,000 டாலருக்கு மேல் எகிறிவிட்டது என்று. சரி, தீர்ந்துவிட்டது.

நேற்று ராத்திரி படிவத்தை விளக்கடியில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். முதல் கட்டத்தில் முழுத் தொகை, வரிக்குரிய தொகைக்கான 2ஏ-வில் 0, பணம் எப்படி வெளியேறியது என்ற குறியீட்டுக்கான ஏழாவதில் ‘ஜி’. அந்த ஒற்றை எழுத்துக்கு நேரடி ரோல்ஓவர், அதாவது பணம் நம் கைக்கு வராமல் ஓய்வுக்காலக் கணக்கு விட்டுக் கணக்கு மாறியது என்று அர்த்தம். நான் அங்கே 1 என்று தட்டியிருந்தேன், அது 59½ வயதுக்கு முன்பே கையில் வாங்கிய பணம், அதனால்தான் வருமான வரியோடு 10% கூடுதல் வரியும் சேர்ந்தது. ‘ஜி’ என்று மாற்றியதும் 2024 கணக்கின் 1040 படிவத்தில் (ஆண்டு வருமான வரிக் கணக்கு) மொத்தத் தொகைக்கான 5ஏ-வில் 38,400, வரிக்குரிய தொகைக்கான 5பி-யில் 0, பக்கத்திலேயே ‘ரோல்ஓவர்’ என்ற சொல். அப்பாடா என்றிருந்தது.

வரியே இல்லையே, காட்டாமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். தயவுசெய்து விடாதீர்கள், 1099-ஆர் படிவத்தின் நகல் ஐஆர்எஸ்ஸுக்கும் (அமெரிக்க வரித்துறை) போகிறது, நம் கணக்கில் இல்லையென்றால் கடிதம் வரும்.

அப்புறம், ராத் ஐஆர்ஏவுக்கு (வரி கட்டிய பணத்தைப் போடும் ஐஆர்ஏ வகை) மாற்றியவர்களுக்கு இது பொருந்தாது, வரி கட்டாத பணம் அங்கே போனால் அந்த ஆண்டே வரி உண்டு. மே மாதவாக்கில், ஐஆர்ஏவில் பணம் சேர்ந்ததைக் காட்டும் 5498 படிவம் வரும், இணைக்க வேண்டாம், பத்திரமாக வைத்தால் போதும்.