கல்லூரிக்கு வரும் நேரம் பற்றிய சர்வே: 110, 120 நிமிஷம் சொன்ன இருவரை நீக்கிவிடலாமா?

திருமங்கலத்தான்:

வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். புள்ளியியல் பேப்பருக்கு ஒரே ஒரு மாறியை எடுத்துக்கொண்டு நாமே தகவல் சேகரித்து, அட்டவணை, படம், சராசரி எல்லாம் போட்டு நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்வி, "காலேஜுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?" எங்கள் துறையில் மூன்று வருஷமும் சேர்த்து 320 பேர், அதில் 40 பேரின் பதில் கையில் இருக்கிறது. பாதி, காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டது. மீதி, வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் போட்டு வந்தது.

சராசரி 41 நிமிஷம், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 30, முகடும் (அதிகம் பேர் சொன்னது) 30. முதல் கால்மானம் (கால்வாசிப் பேர் இதற்குள்) 20, மூன்றாவது (முக்கால்வாசிப் பேர் இதற்குள்) 50. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஒருவர் 110 என்றும், நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற ஒருவர் 120 என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சராசரி 37-க்கு இறங்கிவிடுகிறது, படமும் நன்றாக வருகிறது. எடுத்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுக்கலாமா? அப்புறம், படத்துக்குப் பிரிவு இடைவெளி 10 வைப்பதா, 15 வைப்பதா?

தல்லாகுளம் வாத்தியார்:

எடுக்கவே வேண்டாம் தம்பி. ஒரு மதிப்பை நீக்க வேண்டுமென்றால் அது தப்பு என்று தெரிய வேண்டும், மற்றவற்றிலிருந்து தள்ளி நிற்கிறது என்பது மட்டும் காரணமாகாது. 12 என்று எழுத நினைத்து 120 என்று எழுதிவிட்டாரா என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது நியாயம். ஆனால் கிராமத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் ஆவது அன்றாடம் நடக்கிறதுதான்.

நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். 50-லிருந்து 20 போனால் கால்மான இடைவெளி 30, அதன் ஒன்றரை மடங்கு 45, அதை 50-உடன் கூட்டினால் 95. அதற்கு மேலே போகிறவற்றை பாக்ஸ் பிளாட்டில் (கால்மானங்களை வைத்துப் பெட்டியாக வரைகிற படம்) தனிப் புள்ளியாக வைக்கிற வழக்கம் புள்ளியியலாளர் ஜான் டூகியிடமிருந்து வந்தது. கவனித்துப் பார் என்பதற்காகத்தான் அந்தப் புள்ளி. தூக்கிப் போடு என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

சின்னதாக ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 20, 25, 30, 35, 120 என்று ஐந்து பேர். சராசரி 46, இடைநிலை 30. ஐந்தில் நான்கு பேர் 46-க்குக் கீழே இருக்கிறார்கள் என்றால் அந்த 46 யாருடைய நேரம்? அந்த 120-ஐ 180 என்று மாற்றினால் சராசரி 58 ஆகிவிடும், இடைநிலை அசையாது. திட்ட விலக்கத்தை (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை)ப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும், ஐந்து பேரோடு சுமார் 41.7, 120-ஐ எடுத்துவிட்டால் 6.5-க்குள் அடங்கிவிடும். அதனால் உங்கள் தகவலுக்கு இடைநிலையையும் கால்மான இடைவெளியையும் முன்னால் வையுங்கள், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் அடுத்துக் கொடுங்கள். சராசரி 41-க்கும் இடைநிலை 30-க்கும் இடையே ஏன் 11 நிமிஷம் வித்தியாசம் என்று விளக்கவே ஒரு பக்கம் எழுதலாம். வலது பக்கம் வால் நீண்ட பரவல், அந்த வாலில் இருப்பவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். நான் திருத்துகிறவனாக இருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவேன்.

திட்ட விலக்கத்துக்கு 40-ஆல் வகுக்காமல் 39-ஆல் வகுங்கள், உங்களிடம் இருப்பது 320 பேரிலிருந்து எடுத்த ஒரு மாதிரி (சாம்பிள்) மட்டும்தான். எக்ஸெலில் மாதிரிக்கு ஒன்று, முழுமைத்தொகுதிக்கு (மொத்தப் பேருக்கும்) ஒன்று என்று ஃபங்ஷன் தனித்தனியாக இருக்கிறது.

மேலூர் கணக்கெடுப்பு:

வாத்தியார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்குக் கேள்வியிலேயே சந்தேகம் இருக்கிறது தம்பி. வீடு வீடாகப் போய்த் தகவல் எடுக்கிற வேலையில் இருப்பவள் நான். வயதைக் கேட்டால், "நாப்பது இருக்கும்", "அம்பதுன்னு எழுதிக்கம்மா" என்றுதான் பதில் வரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 0-விலும் 5-லும் முடிகிற வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பது தெரிந்த விஷயம். உங்களுக்கு முகடு 30 வந்ததும் இதே மாதிரிதான் இருக்கும், "அரை மணி நேரம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் தாளில் 28, 33 என்று எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

"எவ்வளவு நேரம் ஆகும்" என்றால் ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் சொல்வார், இன்னொருவர் ஸ்டாப்பில் நின்றதையும் சேர்த்துச் சொல்வார். ஒருவர் நேற்றைய நேரத்தைச் சொல்வார், ஒருவர் வழக்கமானதைச் சொல்வார். சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையம் தாண்டி வருகிறவரிடம் கேட்டால் பதிலே வேறு. "இன்று காலை வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், காலேஜ் கேட்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள்" என்று இரண்டாகக் கேட்டுக் கழித்தல் கணக்கை நீங்களே போடுங்கள். முதலில் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று கவனித்து, கேள்வியைத் திருத்திவிட்டு மற்றவர்களிடம் போங்கள். வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பைக் கணக்கிட்ட புள்ளியியலாளர் மகலனோபிஸே முன்னோட்டக் கணக்கெடுப்பு செய்துவிட்டுத்தான் பெரிய வேலையில் இறங்கினார்.

இதைவிட முக்கியம், யாரிடம் கேட்டீர்கள் என்பது. முதல் மணிக்கு முன்னால் வகுப்பில் இருப்பவர்கள் யார்? காலேஜுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களும் சீக்கிரம் வருகிறவர்களும். பஸ் தாமதமாகி மணி அடித்த பிறகு ஓடிவருகிறவர் உங்கள் கணக்கில் இல்லை, நீங்கள் அளக்க நினைத்ததே அவருடைய நேரத்தையும்தான். அப்படிப் பார்த்தால் 110-ம் 120-ம் இரண்டே இரண்டுதான் வந்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

சிம்மக்கல் சீனியர்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு மாதிரி தபால் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46-ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களுடையவை, பதில் போட்டவர்களும் விருப்பப்பட்டவர்கள் மட்டும். கூகுள் ஃபார்மும் அதே வகை, விருப்பமுள்ளவன்தான் நிரப்புவான்.

உனக்கு 320 பேர் பட்டியல் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. 320-ஐ 40-ஆல் வகுத்தால் 8. ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஒரு எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடு, அங்கே தொடங்கி ஒவ்வொரு எட்டாவது பெயராகப் பிடி. இன்றைக்கு வராதவரை நாளைக்குப் போய்க் கேள், பக்கத்தில் இருப்பவரை மாற்றாகப் போடாதே.

படம் ஹிஸ்டோகிராம்தான், நேரம் தொடர் மாறி (இடையில் எந்த மதிப்பும் வரலாம்), அதனால் செவ்வகங்கள் ஒட்டி நிற்க வேண்டும். பஸ், டூவீலர், சைக்கிள் என்று எதில் வருகிறார்கள் என்று கேட்டிருந்தால் இடைவெளி விட்ட பட்டைப் படம், அங்கே முகடு மட்டும்தான் பேசும். பிரிவு 15 வை, ஆனால் 15–30, 30–45 என்று வெட்டாதே, எல்லாரும் சொன்ன 30 சரியாக எல்லைக்கோட்டில் விழுகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறாயோ அந்தச் செவ்வகம் உயர்ந்துவிடும். 8–22, 23–37, 38–52 என்று போனால் 15, 30, 45 எல்லாம் பிரிவின் நடுவில் உட்காரும்.

திருமங்கலத்தான்:

ரொம்ப நன்றி சார், அக்கா, அண்ணே. பதிவேட்டை வைத்து மறுபடி எடுக்கப் போகிறேன். இன்னும் ஒன்று. இப்போதைய 40-ல் 6 பேர் ஹாஸ்டல், எல்லாருக்கும் 5 நிமிஷம். தூரத்தில் இருப்பவர்களை நீக்கக் கூடாது என்றால் இவர்களையும் நீக்கக் கூடாதா?

தல்லாகுளம் வாத்தியார்:

இது வேறு விஷயம் தம்பி. உங்கள் கேள்வி வீட்டிலிருந்து வருகிறவர்களைப் பற்றியதா, துறையில் படிக்கிற அத்தனை பேரையும் பற்றியதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதலாவது என்றால் ஹாஸ்டல் பிள்ளைகள் அந்த முழுமைத்தொகுதியிலேயே கிடையாது. பட்டியலில் அவர்கள் பெயரை அடித்துவிட்டு, மீதியிலிருந்து மாதிரி எடுத்து, அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு ஆளை நீக்குவதுதான் தப்பு, யாரைப் பற்றிய கணக்கு என்று முன்கூட்டியே வரையறுப்பது தப்பில்லை. எல்லாரும் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 5 பக்கம் ஒரு மேடு, 30 பக்கம் ஒரு மேடு என்று படம் இரண்டாகப் பிரியும், ஒரே சராசரியில் அதை அடக்க முடியாது.

இப்போதுள்ள தகவலில் அந்த ஆறு பேரை எடுத்தால் 34 பேர், இடைநிலை 17-ஆவது, 18-ஆவது மதிப்புகளுக்கு நடுவில். கால்மானங்களும் நகரும், அந்த 95 என்ற எல்லையும் நகரும், மறுபடி போட்டுப் பார்த்தால் 110 எல்லைக்குள்ளேயே வந்தாலும் வரலாம். 5 நிமிஷக்காரர்கள் இல்லாததால் சீனியர் சொன்ன 8-ல் தொடங்குகிற பிரிவும் அப்போது இடிக்காது.