மழை இறங்கினால் ஆலைக்குள் இருப்பதெல்லாம் எங்கே போகும்? பார்த்ததைப் பகிருங்கள்

கங்கைகொண்டான் பக்கம், ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவு

ஐப்பசி மழைக்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களும், ஆலைக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களும் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையிலிருந்து தொடங்குகிறேன். இரும்பு உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிற இடம். ஆவணங்களில் ஒரு குறை சொல்ல முடியாது. 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இசைவாணை, அதாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருகிற அனுமதி, இருந்தது. அபாயகரக் கழிவுக்குத் தனி அனுமதி. ஜூன் 30-க்குள் போக வேண்டிய கழிவு ஆண்டறிக்கை, செப்டம்பர் 30-க்குள் போக வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாம் நாள் தவறாமல் வாரியத்துக்குப் போயின. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழை வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியைச் சுற்றி இடுப்பளவுக்குத் தடுப்புச் சுவர். தொட்டி உடைந்தாலும் ஆசிட் மொத்தமும் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும். அதனால் தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கிற மாதிரி கட்டுவது வழக்கம். உள்ளே தேங்கும் மழைத்தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு வால்வு உண்டு. அது திறந்தே கிடந்தது. தண்ணீர் தேங்கினால் பம்ப் பக்கம் போக முடியவில்லை என்று எந்த மழையிலோ யாரோ திறந்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். கைப்பிடி துருவேறி இறுகிப்போயிருந்தது. ஆடிட் வந்தவர்கள் சுவரின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். வால்வுப் பக்கம் ஒருவரும் குனியவில்லை. வால்வுக்கு வெளியே மழைநீர்க் கால்வாய். கால்வாய் ஓடைக்குப் போகிறது, ஓடை குளத்துக்குப் போகிறது. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் சிற்றாறு, அது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்துவிடும். அதற்குக் கீழே ஊர் ஊராகக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, திருநெல்வேலி சந்திப்பு பஸ் ஸ்டாண்டு முங்கியது. தொட்டிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் ஸ்லட்ஜ் (கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேறு) மூட்டை அடுக்கிய ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே நல்ல கூரை இருந்தது. தரைதான் வெளித்தரையோடு சமமாக இருந்தது. அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிற விதியும் காகிதத்தில் சரியாகவே இருந்தது. கீழ் வரிசை மூட்டைகள் ஊறி, பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடியதைப் பார்த்தேன். மூட்டை மூட்டையாக மணலைப் போட்டு அணை கட்டி, பம்ப் வைத்து இறைத்துச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிக்குத் திருப்பினோம்.

இப்போது இருக்கிற ஆலையில் அந்த வால்வுக்குப் பூட்டு உண்டு. சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம். தண்ணீரில் ஆசிட் கலந்திருக்கிறதா என்று பி.எச். பேப்பர் நனைத்துப் பார்த்த பிறகுதான் திறக்கலாம். ஷெட் தரையை உயர்த்தி, வாசலில் ஒரு மேடு போட்டாயிற்று. முதல் நல்ல மழையன்று மேனேஜரையும் கூட்டிக்கொண்டு குடையோடு வளாகத்தைச் சுற்றி வருகிறேன். எந்த மூலையில் பெய்கிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மழையில் பார்க்கிற மாதிரி எந்த வரைபடத்திலும் பார்க்க முடியாது.

பேட்டை, கழிவுநீர் நிலைய ஆபரேட்டர்

அண்ணாச்சி, நம்மைப் போன்ற ஆட்களைக் கேட்டால்தான் இதெல்லாம் வெளியே வரும்.

குரோம் கலந்த கழிவுநீருக்கு முதலில் ஆசிட் விட்டு பி.எச். 2, 3-க்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் மெட்டாபைசல்பைட் உப்பைப் போட்டுக் கலக்கினால் விஷக் குரோமியம் மாறி, மஞ்சள் போய்ப் பச்சை வரும். அந்தப் பச்சை வந்த பிறகுதான் சுண்ணாம்பு. அப்போதுதான் குரோமியம் கீழே படியும். அவசரத்தில் நேராகச் சுண்ணாம்பைக் கொட்டினால் பி.எச். மீட்டர் 8 என்று காட்டும். 5.5-லிருந்து 9 வரை என்பதுதான் பொதுவான விதி, லாக் புக்கில் அழகாக ஏறிவிடும். விஷக் குரோமியம் மட்டும் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். அதற்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான்.

நான் ஒப்பந்தத்தில் இருந்த ஓர் இடத்தில் 'நிறம் மாறுகிற வரை காத்திருக்க நேரமில்லை, சுண்ணாம்பைப் போடு' என்று மேலே இருந்து சத்தம். மாட்டேன் என்றேன். அடுத்த மாதமே ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி கரண்டு மீட்டர் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. ஓடிய யூனிட்டையும் தண்ணீர் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மோட்டார் உண்மையில் ஓடியதா என்று பிடித்துவிடலாம்.

குளத்துப் பாசன விவசாயி

எனக்கு ஆலை விவரம் தெரியாது. பிசான நெல் பருவத்துக்கு நாற்று நட்ட சமயம், ராத்திரி மழை. காலையில் மடையைத் திறந்தால் நுரை நுரையாக வருகிறது, தொட்டால் கை அரிக்கிறது. மடைக்குப் பக்கத்து நாற்றெல்லாம் நுனி கருகிவிட்டது. மேலே இருக்கிற ஆலைக்குப் போனேன், கேட்டைத் தாண்ட விடவில்லை. பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாரிய ஆபீசுக்குப் போனேன். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் குளத்துத் தண்ணீர் தெளிந்துவிட்டது. நான் பிடித்த பாட்டில் செல்லாது என்றார்கள். அப்போ எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?

கங்கைகொண்டான் பக்கம், ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவு

பேட்டை அண்ணாச்சி, நீங்கள் 'மாட்டேன்' என்றது பெரிய விஷயம். உங்களை மாதிரி ஆபரேட்டர் வேலை இழக்கிற இடத்தில் எந்தச் சான்றிதழுக்கும் மதிப்பில்லை.

ஐயா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் 1974 சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி அதிகாரியே மாதிரி எடுத்து, ஆலைக்காரருக்குச் சொல்லி, இரண்டாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். உங்கள் பாட்டிலை ஏற்காதது அதனால்தான். ஆனால் தாமதம் உங்கள் தவறே இல்லை. நுரையைக் கண்டவுடன் நேரம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கையோடு எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். விபத்தாகக் கழிவு வெளியேறினால் உடனே வாரியத்துக்குச் சொல்வது ஆலையின் கடமை, அதே சட்டத்தின் 31-ம் பிரிவு. அன்று அவர்கள் சொன்னார்களா என்று மனுவிலேயே கேளுங்கள்.

புகாருக்குப் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டியபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளத்திலிருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

மழை வருவதற்கு முன்னாலேயே ஒரு வேலை செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, அந்த ஆலையின் இசைவாணை நகலையும் கடைசியாக எடுத்த மாதிரியின் முடிவையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் வந்ததும் நிபந்தனைகள் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், வரி வரியாக நான் விளக்கிச் சொல்கிறேன்.