வெசல் காரா, ரைஸ் காரா? மலைநாட்டு ரோட்ல ஓட்டுறவங்க சொல்லுங்க

அண்ணன்மார், அக்காமார், ரெண்டு மாசமா முடிவெடுக்க முடியாம நிக்கிறேன். நாங்க மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல இருக்கோம், வீட்ல அஞ்சு பேர், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், தாழ்வான கார்ல ஏறி இறங்க ஏலாது, மாசாமாசம் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகணும், லீவு விட்டா கண்டி.

பார்த்து வச்சிருக்கிறது 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோட பேட்டரி மோட்டரும் இருக்கு, 1500 சிசி, ரெண்டு கிளச்சால தானா மாறுற 7 கியர் டூயல் கிளச்), இல்லாட்டி 2020 டொயோட்டா ரைஸ் (996 சிசி, எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற டர்போ, மூணு சிலிண்டர், கியர் படி இல்லாத ஆட்டோ, அதாவது சிவிடி).

ரெண்டையும் ஓட்டிப் பார்த்தாச்சு, ஆனா ஹட்டன் டவுனுக்குள்ள மட்டும்தான், ஆள் ஏத்திக்கிட்டு ஏத்தத்துல பார்க்க விக்கிறவங்க விடல. வெசல் ஹைபிரிட் பேட்டரிய தெரிஞ்ச கராஜ் பாஸ் ஸ்கேன் பண்ணினாரு, இப்ப நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து வருஷம் தாண்டின பேட்டரி, அதோட லொறிக்குப் பின்னால நின்னு நின்னு ஊர்ந்து ஏறும்போது டூயல் கிளச் சூடாகும்னு அவரே சொன்னாரு, அதுதான் பெரிய பயம். ரைஸ் நீளம் 4 மீட்டர் கூட வராது, லயத்து ரோட்ல திருப்ப சுகம், ஆனா உள்ளுக்கு இடம் குறைவு. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க காத்து அடர்த்தி குறையிறதால டர்போ இருக்கிறது நல்லதுதான், இருந்தாலும் 1000 சிசிக்கு மனசு தயங்குது.

கினிகத்தேனை, ரம்பொடை ஏத்தத்துல அஞ்சு பேர் சாமானோட இதுல ஒண்ண வருஷக்கணக்கா ஓட்டுறவங்க சொல்லுங்க, எத வாங்கலாம்?