தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, நான்கு நாளில் முடியுமா? அவசரம்

மயில்வாகனப்பிரியன் (4 ஜனவரி 2026, இரவு 11.40)

அனைவருக்கும் வணக்கம். இவ்வாண்டு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் நான்கு நாளுக்கு மேல் விடுப்புத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடந்தால் சரியாகப் போய்ச் சேரலாம், இரவில் எங்கெங்கே தங்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் உடனே சொன்னால் பேருதவியாக இருக்கும். நாளைக் காலையில் விடுப்புக் கடிதம் கொடுத்தாக வேண்டும்.

சண்முகநதி (5 ஜனவரி, காலை 5.15)

வணக்கம். எல்லாவற்றையும் எழுதிய தாங்கள், எங்கிருந்து புறப்படுகிறீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். திண்டுக்கல் என்றால் சுமார் 60 கிலோமீட்டர்தான். இரண்டு நாள் போதும். மதுரை என்றால் சுமார் 120. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக வந்தால் 110 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். ஊரைச் சொன்னால்தான் கணக்குப் போட முடியும். நான்கு நாள் என்பது எந்தக் கிழமையிலிருந்து எந்தக் கிழமை வரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவ்வாண்டு பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை.

இருபத்தொன்றாம்நடை (5 ஜனவரி, காலை 6.02)

ஆண்டுதோறும் மார்கழி கடைசியில் இதே கேள்வியோடு ஒருவர் வந்துவிடுகிறார். இதே இடத்தில் நானே மூன்று முறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவருக்கு நடக்கும் பொறுமை எங்கிருந்து வரப்போகிறது என்று தெரியவில்லை. விடுப்புக் கிடைத்த நாளைப் பார்த்து யாத்திரையைத் திட்டமிடுவதில்லை ஐயா. கார்த்திகையிலேயே மாலை போட்டு, தை பிறப்பதற்குள் காலைப் பழக்கிக்கொண்டு, அதன் பிறகு புறப்படுவதுதான் முறை. நான் இருபத்தொரு முறை நடந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நிலாவழி (5 ஜனவரி, காலை 7.30)

தூரம் எதுவாக இருந்தாலும் நேரத்தைச் சரியாக வகுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து நடக்கத் தொடங்கி ஒன்பதரை மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு நான்கு மணிக்கு எழுந்து இரவு எட்டரை வரை நடக்கலாம். நடுப்பகலில் நடப்பவர்கள்தாம் மூன்றாம் நாள் வண்டி தேடுகிறார்கள். இருட்டில் நடப்பதால் பையின் பின்புறத்திலும் கையில் பிடிக்கும் கோலிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். தனியே நடக்கும் இடங்களில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாகவே நடக்க வேண்டும்.

பருத்தியுறை (5 ஜனவரி, காலை 8.10)

நேரம் இரண்டாம் பட்சம், காலுறைதான் முதல். ஈரம், சூடு, உராய்வு ஆகிய மூன்றும் சேரும்போதுதான் கொப்புளம் வருகிறது. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்துவிடும் என்பதால், என் பெயர் இப்படி இருந்தாலும், பருத்தியை அணியாதீர்கள் என்றே சொல்வேன். விரல் இடுக்குகளில் வாசலின் தடவிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை காலுறையை மாற்றி, கழற்றியதைப் பைக்கு வெளியே தொங்கவிட்டுக் காயவைத்துக்கொண்டே நடக்கலாம். யாத்திரைக்கென்று புதுக் காலணி வாங்குவதைப் போன்ற தவறு வேறில்லை. தாங்கள் எதைப் போட்டு நடக்கப் போகிறீர்கள்?

மயில்வாகனப்பிரியன் (5 ஜனவரி, பிற்பகல் 1.25)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். திருச்சியிலிருந்து புறப்படுகிறேன். ஜனவரி 28 புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும் கிளம்பி, ஞாயிறு காலையில் மலையில் இருக்க வேண்டும். திங்களன்று காலை ஒன்பது மணிக்கு அலுவலகம். தனியாகத்தான் வருகிறேன். வயது 46. காவடி எதுவும் இல்லை. செருப்பு இல்லாமல் வருவதாகத்தான் வேண்டுதல்.

சண்முகநதி (5 ஜனவரி, பிற்பகல் 2.40)

இப்போது கணக்குத் தெளிவாகிவிட்டது; ஆனால் தங்களுக்கு உவப்பான விடை இல்லை. மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை வழியாகத் திண்டுக்கல் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி வரை 60. ஆக மொத்தம் 160. தங்கள் கையில் இருப்பது மூன்று முழு நாளும் ஒரு மாலைப் பொழுதும்தான். புதன் இரவே பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிட்டாலும் மீதியை நாளொன்றுக்கு 48 கிலோமீட்டர் வீதம் கடக்க வேண்டும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்தால் நடை மட்டுமே பன்னிரண்டு மணி நேரம்; சாப்பாடு, ஓய்வு, கால் கழுவிக் கட்டுப் போடுவது எல்லாம் சேர்ந்தால் பதினாறு மணி நேரம் ஆகிவிடும். அந்த வேகத்தில் முதல் நாளைப் பழக்கம் இல்லாதவரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து பாதத்தைத் தரையில் ஊன்றும் அந்த முதல் அடியில்தான் விஷயம் தெரியும்.

போதாக்குறைக்கு, ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிய பிறகு பூசக் கூட்டத்தில் தங்கள் வேகம் தங்கள் கையில் இருக்காது. மலையடிவாரம் சேர்ந்த பிறகு வரிசையில் நிற்கும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நாளை நீட்ட முடியாதவர் தூரத்தைக் குறைக்க வேண்டும். பேருந்தில் திண்டுக்கல் வந்து, அங்கே ஒரு கோயிலில் கும்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் நடக்கத் தொடங்குங்கள். சனி இரவுக்குள் பழனியில் இருப்பீர்கள்.

ஐயலூர்க்காற்று (5 ஜனவரி, மாலை 6.15)

திருச்சியிலிருந்து நடப்பதாக வேண்டிக்கொண்டவரைத் திண்டுக்கல்லில் இறங்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. வேறொரு வழி இருக்கிறது. பொங்கல் வியாழக்கிழமை வருவதால் 17, 18 ஆகிய சனி, ஞாயிறு தங்களுக்கு விடுமுறையாகவே இருக்கும். அந்த இரண்டு நாளில் திருச்சியிலிருந்து வையம்பட்டி வரை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர், நடந்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்புங்கள். அடுத்த சனிக்கிழமை விட்ட அதே இடத்தில் இறங்கி ஞாயிறு மாலைக்குள் திண்டுக்கல் சேருங்கள். மறுநாள் குடியரசு தினம் என்பதால் ஒரு நாள் ஓய்வும் கிடைக்கும். கடைசிப் பகுதியைப் பூசத்துக்கு முந்தைய இரண்டு நாளில் முடித்துவிடலாம். 160 கிலோமீட்டரையும் தாங்களே நடந்திருப்பீர்கள். முதல் இரண்டு பகுதிகளே கடைசிப் பகுதிக்குப் பயிற்சியாகவும் அமைந்துவிடும். நான் இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் செய்தேன். சென்ற முறை எந்த மைல்கல்லில் நிறுத்தினேனோ அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுமுறை தொடங்குவேன்.

இருபத்தொன்றாம்நடை (5 ஜனவரி, இரவு 8.50)

இதற்குப் பெயர் யாத்திரை அல்ல; தவணை முறை. இடையில் வீட்டுக்குப் போய் மெத்தையில் படுத்து, சாப்பிட்டு, தொலைக்காட்சி பார்த்துவிட்டு வந்து தொடர்வதில் எங்கே இருக்கிறது விரதம்? வீட்டைவிட்டுப் புறப்பட்டால் முருகனைப் பார்க்கும் வரை திரும்பக் கூடாது. குன்றக்குடியிலிருந்து ரத்தினவேல் என்னும் வேலோடும் காவடிகளோடும் வருகிற நகரத்தார் பழனி வரை நடந்து, திரும்பும்போதும் நடந்தே ஊருக்குப் போகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐயலூர்க்காற்று (5 ஜனவரி, இரவு 9.20)

நகரத்தார் நடை குழுவாக நடப்பது. உணவும் தங்குமிடமும் முன்கூட்டியே ஏற்பாடானவை. தனியாளாக, மூன்றரை நாள் விடுப்போடு வருகிறவருக்கு அதை அளவுகோலாக வைப்பது சரியா? பூசத்தன்றே சேர்ந்தாக வேண்டும் என்பதும்கூட எல்லோருக்கும் பொதுவான விதியன்று. எடப்பாடிக் காவடிக் குழுவினர் பூசம் கழிந்த பிறகுதான் வருகிறார்கள். மலைமேல் இரவு தங்கும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு மரபு. எது யாத்திரை, எது யாத்திரை இல்லை என்று முத்திரை குத்தும் அதிகாரத்தைத் தங்களுக்கு யார் கொடுத்தது?

இருபத்தொன்றாம்நடை (5 ஜனவரி, இரவு 9.31)

அனுபவம் கொடுத்தது.

கட்டுத்துணி (6 ஜனவரி, காலை 6.40)

இருவரும் சற்றுப் பொறுங்கள். நான் செவிலியர், விடுமுறை கிடைக்கும் ஆண்டுகளில் வழியில் உள்ள மருத்துவ முகாமில் நடப்பவர்களின் கால்களுக்குக் கட்டுப் போடும் வேலை செய்கிறேன். கேட்டவருக்கு வயது 46, வெறுங்காலோடு நடக்கப் போகிறார் என்று எழுதிய பிறகும் ஒருவர்கூடக் கேட்காததை நான் கேட்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏதேனும் உண்டா? மாத்திரை எடுக்கிறீர்களா? பாதத்தில் மரத்துப்போகும் உணர்வு இருக்கிறதா?

மயில்வாகனப்பிரியன் (6 ஜனவரி, பிற்பகல் 1.10)

சர்க்கரை ஆறு ஆண்டுகளாக இருக்கிறது, சகோதரி. மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைத்து எழுதவில்லை. விரல் நுனிகளில் சில சமயம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஒரு வேளை உணவு விரதம் தொடங்கிவிட்டேன்.

கட்டுத்துணி (6 ஜனவரி, மாலை 7.05)

அப்படியென்றால் தூரக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தங்கள் மருத்துவரைப் பாருங்கள். எறும்பு ஊர்வதுபோல் இருப்பது நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் பட்டால் வலிக்காது. வலிக்காத காயத்தோடு மேலும் இருபது கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். முன்பொரு முறை முகாமுக்கு வந்த ஒரு பெரியவர் களைப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னார். காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகாலில் கருவேல முள் ஒன்று ஒடிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் இரத்தமும் மண்ணும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டதற்கு, எங்கே குத்தியது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஒரு வேளை உணவோடு மாத்திரையும் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடந்தால், மாத்திரையின் வகையைப் பொறுத்துச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக் கூடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டுதல் ஆகியவை வந்தால் உடனே சர்க்கரையையோ குளுக்கோஸையோ வாயில் போட வேண்டும் என்பதால் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். மருந்தின் அளவைத் தாங்களாகவே மாற்றாதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சிறிய கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் வந்தால் தாங்களே ஊசியால் குத்த வேண்டா. மேல்தோலை உரிக்கவும் வேண்டா.

காலணி அணியாமல் தாங்கள் நடக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இருபத்தொன்றாம்நடை (6 ஜனவரி, இரவு 8.15)

வேண்டுதலே வெறுங்காலோடு என்றிருக்கும்போது காலணியைச் சிபாரிசு செய்வது சரியில்லை. தார் சுட்டால் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் நடக்கலாம். அந்தக் கோடு அத்தனை சுடாது என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டுத்துணி (6 ஜனவரி, இரவு 8.40)

வெள்ளைக் கோடு சுடாது என்பது உண்மைதான் ஐயா, நானும் பார்த்திருக்கிறேன். சுட்டாலும் தெரியாத காலைப் பற்றியல்லவா நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பருத்தியுறை (6 ஜனவரி, இரவு 9.00)

காலணி என்று முடிவானால் எந்தக் காலுறை என்பதையும் முடிவு செய்துவிடலாமே.

நிலாவழி (7 ஜனவரி, காலை 5.50)

வேண்டுதலை அறவே கைவிட வேண்டியதில்லை. சாலையில் காலணியோடு நடந்து, அடிவாரத்தில் அதைக் கழற்றிவிட்டுத் திருஆவினன்குடியில் கும்பிட்டு, மலையை வெறுங்காலோடு ஏறட்டும். படி கடினமாக இருந்தால் யானைப்பாதை சற்று எளிது. மலைக்கோயிலுக்குள் செல்பேசி கொண்டுசெல்ல 2023 அக்டோபரிலிருந்து தடை இருக்கிறது. தனியாக வருகிறவர் அதைக் கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதால், எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பீர்கள் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். ஞாயிறு மாலைப் பேருந்துகளில் கூட்டம் நெரியும். திங்கள் காலை ஒன்பது மணி அலுவலகத்தை நினைத்தால் எனக்குத்தான் கலக்கமாக இருக்கிறது.

சண்முகநதி (19 ஜனவரி, காலை 6.20)

பன்னிரண்டு நாளாகக் கேட்டவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மருத்துவரைப் பார்த்தீர்களா? எங்கிருந்து நடப்பதாக முடிவு?

மயில்வாகனப்பிரியன் (3 பிப்ரவரி, இரவு 10.05)

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் விரதத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு மாத்திரைகளில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். 17ஆம் தேதி மணப்பாறை வரை நடந்தேன். மறுநாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் பேருந்தில் திரும்பிவிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து வெள்ளியன்று தொடங்கிச் சனி இரவு பத்து மணிக்குப் பழனி சேர்ந்தேன். ஞாயிறு தரிசனம் ஆயிற்று. மணப்பாறைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட தூரம் பாக்கி இருக்கிறது. திங்களன்று பன்னிரண்டு மணிக்குத்தான் அலுவலகம் போனேன்.

கட்டுத்துணி (4 பிப்ரவரி, காலை 6.10)

மகிழ்ச்சி. காலணியோடா, வெறுங்காலோடா?

இருபத்தொன்றாம்நடை (4 பிப்ரவரி, காலை 6.30)

நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.

பருத்தியுறை (9 பிப்ரவரி, இரவு 9.45)

பதில் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.