தம்பி ஃப்ரீ டைமண்ட் லிங்க்ல பாஸ்வேர்ட் போட்டுட்டான், என்ன பண்றது?

மதுரைக்காரி:
தம்பி ஒன்பதாவது படிக்கிறான். நேத்து ராத்திரி ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடிட்டு இருக்கப்ப யாரோ ஒருத்தன் 5,000 டைமண்ட் (கேம்குள்ள பொருள் வாங்கற காசு) ஃப்ரீன்னு லிங்க் அனுப்பிருக்கான், இவனும் உள்ள போய் ஃபேஸ்புக் பாஸ்வேர்ட அடிச்சிட்டான், காலைல பாத்தா ஃபேஸ்புக்கும் போச்சு, அத வச்சு லாகின் பண்ற கேமும் போச்சு. அந்த லிங்க நானும் பாத்தேன், அச்சு அசல் ஃபேஸ்புக் மாதிரியே தான் இருக்கு, மேல அட்ரஸ்ல மட்டும் ஃபேஸ்புக்குக்கு அப்புறம் ஒரு கோடு போட்டு ரிவார்டுன்னு இருக்கு. அம்மா போன் வேற, ஜிபே எல்லாம் அதுல தான். பணம் போயிருமா? அப்பாக்கு இன்னும் சொல்லல.

சர்வீஸ்கடை அண்ணா:
பதறாதம்மா. யுபிஐ பின்ன எங்கயும் அடிக்கலைன்னா, ஓடிபி யாருக்கும் சொல்லலைன்னா பாஸ்வேர்ட் மட்டும் வச்சு ஜிபேல இருந்து பணம் எடுக்க முடியாது. ஆனா அந்த லிங்க்ல எதாவது ஆப் டவுன்லோட் ஆச்சான்னு பாரு, ஆகிருந்தா அது வேற கதை, நெட்ட ஆஃப் பண்ணிட்டு மொதல்ல அத தூக்கு. அப்புறம் மெயில தெற. ஈமெயில் மாத்திட்டாங்கன்னா பழைய மெயிலுக்கு ஃபேஸ்புக்ல இருந்து ஒரு மெயில் வந்திருக்கும், அதுல "இது நான் இல்ல"ங்கற மாதிரி ஒரு லிங்க் இருக்கும், அத வச்சு மீட்கலாம். எப்பவும் லாகின் பண்ற அதே போன்லயே பண்ணு. ஜிமெயிலுக்கும் இதே பாஸ்வேர்டா? அப்படின்னா அத மொதல்ல மாத்து!!

கோவை ராக்கெட்:
எங்க சித்தப்பா பையனுக்கு வாட்ஸப்ல இதே கத. கூட படிக்கிறவன் நம்பர்ல இருந்தே மெசேஜ், "மச்சி தெரியாம உன் நம்பருக்கு ஒரு கோட் வந்துருச்சு அனுப்பு டா"ன்னு. அந்த 6 நம்பர அனுப்பிட்டான், அஞ்சு நிமிஷத்துல இவன் வாட்ஸப்பும் போச்சு, அப்புறம் இவன் பேர்ல சொந்தக்காரங்க எல்லார்ட்டயும் 2,000 ரூபா கேட்டுருக்கானுங்க. வாட்ஸப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் போட்டு வைங்க, ஃபேஸ்புக்ல டூ ஃபேக்டர ஆன் பண்ணி வைங்க.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
போன புடுங்கிடாதீங்க ப்ளீஸ். புடுங்கினா அடுத்த தடவ சொல்லவே மாட்டான், யாராவது போட்டோ வச்சு மிரட்டினா கூட. அப்படி எதாவது நடந்தா பணம் குடுக்காம சாட்ட அழிக்காம குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு போன் பண்ணணும்னு என் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பணம் போனா சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930, எவ்ளோ சீக்கிரம் சொல்றோமோ அவ்ளோ நல்லது. ஆமா, உங்க தம்பி பிறந்த தேதி சரியா போட்டிருக்கானா? பெரியவங்கன்னு போட்டா சின்னப் பசங்களுக்கு இருக்க பாதுகாப்பு செட்டிங்லாம் வராது.

மதுரைக்காரி:
மெயில்ல லிங்க் இருந்துச்சு அண்ணா, திரும்பி கெடச்சிருச்சு, ரொம்ப தேங்ஸ். ஆப் எதுவும் இறங்கல. ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட் தான் வச்சிருந்தான், மாத்தியாச்சு. பிறந்த தேதி பாத்தேன் அக்கா, 1996ன்னு போட்டு வச்சிருக்கான், என்ன விட ஏழு வயசு மூத்தவன்!